பால் வாங்கி வர வேண்டியவர் யார்?

"ஆபீஸுக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் எப்படித்தான் சமாளிக்கிறாளோ!" நவராத்திரிக் கொலுவுக்குப் போனாலும் சரி, பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் இப்படி வியப்பதை நாம் கேட்கிறோம். நல்ல மனத்தோடு சொல்லப்படும் பாராட்டுத்தான். ஆனால் சற்றே நின்று யோசித்தால் இதில் ஒரு விந்தை இருப்பது புலப்படும். அதே வீட்டிலிருந்து அதே நேரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் கணவரைப் பார்த்து, "வேலைக்கும் போய்க்கொண்டு, அப்பாவாகவும் எப்படித்தான் இருக்கிறாரோ!" என்று எவரும் வியப்பதில்லை. இருவரும் சம்பாதிக்கிறார்கள். இருவருக்கும் அதே குழந்தைகள்தாம். ஆனால் தராசை மட்டும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, "ஆடாமல் பிடித்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறோம்.

பெண்கள் வேலைக்குப் போகலாமா, கூடாதா என்ற பழைய விவாதம் சுகர் லேண்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எப்போதோ முடிந்துவிட்டது. காலையில் 59-ஆம் நெடுஞ்சாலையில் ஹூஸ்டனை நோக்கி ஊர்ந்து செல்லும் கார்களில், டெக்ஸாஸ் மெடிக்கல் சென்டருக்கும், எண்ணெய்க் கம்பெனிகளுக்கும், கம்ப்யூட்டர் வேலைக்கும் செல்லும் தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டையும் சமன் செய்வது என்பது ஒரு பெண்ணின் சாமர்த்தியமா, அல்லது ஒரு குடும்பத்தின் கடமையா? சாமர்த்தியம் என்றால், சமாளிக்க முடியாமல் தவிப்பவள் கெட்டிக்காரி இல்லை என்று ஆகிவிடும். கடமை என்றால், அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டே தீர வேண்டும்.

ஒரு பால் பாட்டிலின் கதை

சென்னையில் 1955-இல் பிறந்து, அமெரிக்காவில் பெப்ஸிகோ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2006 முதல் 2018 வரை வகித்த இந்திரா நூயி அவர்களை அறியாத தமிழ்க் குடும்பம் இங்கே இராது. இரண்டு பெண் குழந்தைகளின் தாயான அவர், 2014-ஆம் ஆண்டு ஆஸ்பெனில் நடந்த ஒரு கலந்துரையாடலில் தம் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அதற்கு ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளுக்கு முன், கம்பெனியின் பிரசிடெண்ட் ஆகப் போகிறார் என்ற செய்தி அவருக்கு ஓர் இரவு ஆபீஸில் கிடைத்தது. வீட்டாரிடம் சொல்ல ஆவலோடு வந்தவரை அவர் தாயார் எதிர்கொண்டு, செய்தி பிறகு இருக்கட்டும், முதலில் பால் வாங்கி வா என்றார். கணவர் இரண்டு மணி நேரம் முன்பே வந்துவிட்டாரே, அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று மகள் கேட்டார். அவர் களைத்திருக்கிறார் என்பது பதில். மகள் போய்ப் பால் வாங்கி வந்தார். பிறகு தாயார் சொன்னதன் சாரம் இது: வெளியில் நீ எந்தப் பதவியில் இருந்தாலும் இந்த வீட்டுக்குள் நீ மனைவி, மகள், மருமகள், தாய். அந்த இடத்தை வேறு ஒருவரும் நிரப்ப முடியாது. ஆகவே கிரீடத்தை கராஜிலேயே விட்டுவிட்டு வா.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவதைக் காணலாம். "எவ்வளவு உயர்ந்தாலும் பணிவு வேண்டும் என்று கற்றுக்கொடுத்த தாய்" என்பார் ஒரு சாரார். "பெண்ணை மட்டம் தட்டிய பழைய காலத்து மனம்" என்பார் மறு சாரார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனென்றால், அதே தாயார்தான் மகள்கள் சிறுமிகளாக இருந்தபோது, சாப்பாட்டு மேஜையில், "நீ பிரதம மந்திரியானால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பேச வைத்து, நன்றாகப் பேசியவளுக்குப் பரிசும் கொடுத்தவர். கிரீடத்துக்கு ஆசைப்படக் கற்றுக்கொடுத்தவரும் அவரே, பாலுக்கு அனுப்பியவரும் அவரே. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. கெட்டவர் இருந்தால் நம் கேள்வி சுலபமாகிவிடும். அன்பான தாய், நல்ல கணவர், கெட்டிக்கார மகள் மூவரும் இருக்கும் வீட்டிலேயே இப்படி நடக்கிறது என்பதுதான் யோசிக்கத் தக்கது.

இடம் வேறு, வேலை வேறு

தாயார் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. தாயின் இடத்தை வேறொருவர் நிரப்ப முடியாது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு அம்மாவின் விசிட்டிங் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பால் வாங்குவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். 'தாய்' என்பது ஓர் இடம். 'பால் வாங்குவது' என்பது ஒரு வேலை. இடத்தைப் பற்றிச் சொன்ன உண்மையை வேலையின் மேல் ஏற்றிவிட்டதுதான் அன்று நேர்ந்த குழப்பம். நம் வீடுகளிலும் நேரும் குழப்பம் இதுவே.

இந்தக் குழப்பத்தினால் தாய்மார்கள் படும் வேதனை கொஞ்சமல்ல. இட்லி மாவு அரைக்க நேரமில்லாமல் கடையில் வாங்கிய நாளன்று, ஏதோ தாய்மையிலேயே குறை வைத்துவிட்டதுபோல் மனம் உறுத்துகிறது. பள்ளிக்கூட பேக் ஸேலுக்கு வீட்டில் செய்து அனுப்பாமல் கடைக் கேக்கை அனுப்பினால் குற்ற உணர்ச்சி வருகிறது. உண்மையில் அங்கே தவறியது ஒரு வேலைதான், ஓர் உறவு அல்ல. அதே கடைக் கேக்கைத் தந்தை வாங்கி அனுப்பியிருந்தால், "பரவாயில்லையே, ஞாபகமாக வாங்கினாரே" என்று மெச்சியிருப்போம்.

சில காரியங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூயி அவர்களே அதே உரையாடலில் இன்னொன்றும் சொன்னார். மகளின் பள்ளியில் புதன்கிழமை காலை 9 மணிக்குத் தாய்மார்களுக்கு ஒரு காபிக் கூட்டம் உண்டாம். இவரால் போக முடியாது. மகள் மாலையில் வந்து, வந்திருந்த அம்மாக்களின் பட்டியலைச் சொல்லுவாளாம். கடைசியில் இவர் பள்ளிக்குப் போன் செய்து, வராத அம்மாக்களின் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டாராம்! சிரிப்பு வந்தாலும் உள்ளே வலிக்கும் கதை இது. ஏனெனில் குழந்தை கேட்டது காபியை அல்ல, அம்மா வந்து உட்கார்ந்திருப்பதை. அரங்கேற்றம், ஆண்டு விழா, ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் நேரில் இருப்பதே உறவு. அதற்கு ஆள் அனுப்ப முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் அப்பாக்களின் பெயர் ஏன் இல்லை என்பதையும் நாம் கேட்க வேண்டாமா?

இன்னும் ஒரு படி மேலே போய் யோசித்தால் வேறொன்று தெரிகிறது. சின்னச் சின்ன வேலைகள் வழியாகத்தான் உறவே வளர்கிறது. குளிப்பாட்டும்போது, ஷூ மாட்டிவிடும்போது, நீச்சல் வகுப்புக்குக் காரில் அழைத்துப் போகும்போதுதான் குழந்தை மனத்தில் உள்ளதைச் சொல்கிறது. "அவர் களைத்திருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யாதே" என்று இந்த வேலைகளிலிருந்து தந்தைக்கு விடுதலை அளித்தால், அவருக்கு நாம் செய்வது சலுகை அல்ல. அவருடைய இடத்தையே மெல்ல மெல்ல எடுத்துவிடுகிறோம். பதினாறு வயதில் மகன் அப்பாவிடம் பேசுவதில்லை என்று வருந்தும் வீடுகளில், அந்தத் தூரம் ஆறு வயதிலேயே தொடங்கியிருக்கலாம்.

கணக்கில் வராத களைப்பு

அன்று ஒருவர் களைப்பு கணக்கில் வந்தது, இன்னொருவர் களைப்பு வரவில்லை. இது ஒரு வீட்டு விஷயம் மட்டும் அல்ல. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் ஒரு விவரம் தந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். 2024-இல் மறுபடியும் எடுத்தபோது அது 289, 88 என்று இருந்தது. ஐந்து ஆண்டுகளில் இரு தரப்பிலும் சிறிது குறைந்ததே தவிர, இடைவெளி அப்படியே நிற்கிறது. அமெரிக்கர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். கலிபோர்னியாவின் சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்ட், ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெண்களுக்குத் தொடங்கும் இந்த வேலைக்கு 'இரண்டாவது ஷிஃப்ட்' என்று பெயரிட்டு 1989-லேயே நூல் எழுதினார்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. எச்-1 விசாவில் வந்த கணவரோடு எச்-4 விசாவில் வந்த மனைவிமார்கள், படிப்பும் அனுபவமும் இருந்தும் பல ஆண்டுகள் வேலைக்குப் போக அனுமதியின்றி வீட்டில் இருந்தார்கள். 2015 மே மாதம் முதல், கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தை அடைந்திருந்தால் மனைவியும் வேலை செய்யலாம் என்ற விதி வந்தது. அப்படி எட்டு, பத்து ஆண்டுகளுக்குப் பின் வேலையில் சேர்ந்தபோது, வாழ்க்கையில் ஒன்று கூடியதே தவிர எதுவும் கழிக்கப்படவில்லை. மனைவி முழு நேரமும் வீட்டில் இருந்த காலத்தில் போட்ட வேலைப் பங்கீடு, அவர் ஆபீஸுக்குப் போன பிறகும் மாறாமல் தொடர்ந்தது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. மறுபடியும் உட்கார்ந்து யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

நிமிஷக் கணக்கிலும் அடங்காத வேலை ஒன்று உண்டு. அது நினைவு வைத்துக்கொள்ளும் வேலை. பல் டாக்டரிடம் எப்போது போக வேண்டும், பள்ளிக்குக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய தாள் எது, பிள்ளைக்கு ஷூ சைஸ் மாறிவிட்டதா, ஊரிலிருந்து வரும் மாமனாரின் மருந்துச் சீட்டு எங்கே, தமிழ்ப் பள்ளி நாடகத்துக்கு வேட்டி இருக்கிறதா, இவை எல்லாம் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் ஒருத்தியின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. "நீ சொன்னால் நான் செய்கிறேனே" என்று கணவர் சொல்வது உண்மையான அன்போடுதான். ஆனால் 'சொன்னால்' என்ற அந்த ஒரு சொல்லில், நினைத்துப் பார்ப்பது, திட்டமிடுவது, சரிபார்ப்பது அத்தனையும் மனைவியிடமே தங்கிவிடுகிறது. 'உதவி' என்ற சொல்லும் அப்படியே. பிறர் வேலையைச் செய்தால்தான் உதவி. தன் குழந்தைக்குத் தான் சோறு ஊட்டுவது யாருக்குச் செய்யும் உதவி?

மறு பக்கத்தையும் கேட்போம்

ஆண்களுக்கும் சொல்ல நியாயம் இருக்கிறது. எண்ணெய் விலை விழுந்தால் வேலை போகும் ஊர் இது. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். அந்தப் பயத்தைப் பல கணவர்கள் வெளியே சொல்லாமல் சுமக்கிறார்கள். பாதி ராத்திரியில் இந்தியாவோடு கான்ஃபரன்ஸ் காலில் பேசிவிட்டு, காலையில் மறுபடி ஆபீஸுக்குக் கிளம்புகிறவர் களைத்திருக்கிறார் என்பது பொய்யல்ல. அவருடைய களைப்பைக் கணக்கிலிருந்து நீக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. இருவருடையதையும் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

சமையலறையை விட்டுக்கொடுக்க மனமில்லாத பெண்களும் உண்டு. கணவர் பாத்திரம் கழுவினால் மறுபடி கழுவுவது, அவர் கட்டிய லஞ்ச் பாக்ஸைப் பிரித்துத் திருத்துவது என்று இருந்தால், அவர் மறுநாள் அந்தப் பக்கம் வரமாட்டார். வேலையைக் கொடுத்தால், அதைத் தம் விதத்தில் செய்யும் உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொள்வதைத் தாமே விரும்பி ஏற்ற தாய்மார்களை இக்கட்டுரை குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி ஊரில் குடும்பத்தை நடத்தினார். அவர் வாங்கிய சொத்து உருவானதில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் பங்கு உண்டு, ஆகவே அவருக்குச் சம உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். வீட்டு வேலை என்பது மதிப்புள்ள உழைப்பு என்று ஒப்புக்கொண்டால், சம்பாதிக்கும் மனைவி அதையும் முழுவதுமாகச் செய்யும்போது அவர் இரண்டு பேரின் உழைப்பைக் கொடுக்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்?

தனியாகச் சமாளித்தவர் எவரும் இல்லை

முன்மாதிரிகளாக நாம் போற்றும் பெண்மணிகளின் வரலாற்றைப் பார்த்தால், ஒருவரும் தனியாகச் சமாளிக்கவில்லை என்பது தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கச் சம்மதித்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். இரண்டு மகன்களுக்குத் தாயான பிறகுதான் அவர் 1927-இல் சென்னைச் சட்ட சபைக்குச் சென்றார், 1930-இல் அவ்வை இல்லம் தொடங்கினார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். நூறாண்டுகளுக்கு முன்பே, கல்யாணத்துக்கு முன் வாய் திறந்து பேசிய பேச்சு அது.

சென்னையில் வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண் லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1940-களில் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். டாக்டர் தொழில் என்றால் நடுராத்திரியில் குழந்தையை விட்டுப் போக நேரும் என்று எண்ணியே பொறியியலைத் தேர்ந்தெடுத்தாராம். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் வந்திருந்தார். தந்தையும் உடன்பிறந்தோர் குடும்பமும் கை கொடுக்காவிட்டால் இது நடந்திராது.

இங்கே நமக்கு அந்தக் கூட்டுக் குடும்பம் இல்லை. விசிட்டர் விசாவில் பாட்டி ஆறு மாதம் வருகிறார். அவர் இருக்கும்வரை வீடு சீராக ஓடுகிறது. அவர் விமானம் ஏறிய மறுநாள் எல்லாம் தலைகீழாகிறது. பாட்டிமார்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் மகளின் சுமையைத் தாய்க்கும், மருமகளின் சுமையை மாமியாருக்கும் மாற்றுவது பகிர்வு ஆகாது. அது வெறும் கைமாற்று. அறுபத்தைந்து வயதில் ஓய்வை எதிர்பார்க்கும் அந்த அம்மாளின் களைப்பை எழுதுவது யார்?

சட்டமும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. இந்திய அரசு 2017-இல் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. தாராளமான சட்டம், ஆனால் தாய்க்கு மட்டும். அமெரிக்காவில் 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம்தான் தருகிறது, அதுவும் சம்பளமின்றி, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தனியார் கம்பெனிகளில். கஞ்சத்தனமான சட்டம் எனலாம். ஆயினும் அது தாய், தந்தை என்று வேற்றுமை பார்க்கவில்லை. குழந்தை பிறந்தால் தந்தையும் அந்த 12 வாரத்தைக் கேட்கலாம். சட்டம் கொடுத்த அந்த உரிமையை நம் வீட்டு ஆண்கள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

சமையல் ஆண்களுக்கு ஒத்துவராது என்று யாரேனும் சொன்னால், நம் கோயில் மடைப்பள்ளியைக் காட்டினால் போதும். ஆயிரம் பேருக்குப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் செய்யும் கைகள் தலைமுறை தலைமுறையாக ஆண்களுடையவை. கல்யாணச் சமையலும் அப்படியே. ஊருக்கு வடிக்கத் தெரிந்தவருக்கு வீட்டுக்கு வடிக்கத் தெரியாமல் போகுமா?

ஆகவே வாசக அன்பர்களுக்கு நாம் பணிவோடு சொல்வது மூன்று. முதலாவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் அரை மணி நேரம் உட்கார்ந்து, வீட்டில் யார் எதைச் செய்கிறார் என்றல்ல, யார் எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். எழுதியதில் சிலவற்றை அடியோடு மாற்றிக்கொள்ளலாம். பல் டாக்டர் அப்பாவுடையது என்றால், அப்பாயின்ட்மென்ட் வாங்குவதும் அழைத்துப் போவதும் அவருடையதே. இரண்டாவது, கோயில் அன்னதானத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் ஆள் தேவைப்படும்போது அம்மாக்களுக்கு மட்டும் போன் செய்யாமல் இருவர் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, வீட்டில் மகன் இருந்தால், அவனுக்கு எட்டு வயதிலேயே ஒரு வேலையை அவனுடையதாகக் கொடுக்கலாம். நாளை அவன் மனைவி நமக்கு நன்றி சொல்லுவாள்.

நிமிஷத்துக்கு நிமிஷம் சரிபாதி என்று எந்த வீட்டிலும் நடக்காது. ஒரு மாதம் அவருக்குப் பளு, ஒரு மாதம் இவருக்குப் பளு. குழந்தை பிறந்த ஆண்டு வேறு, பிள்ளை காலேஜ் போகும் ஆண்டு வேறு. கேட்டு, பேசி, இருவர் களைப்பையும் அறிந்து போட்ட பங்கீடு ஏறக்குறைய இருந்தாலும் நியாயமே. யாரும் கேட்காமல் ஒருவர் தலையில் தானாக வந்து விழுந்த பங்கு, அவர் சிரித்த முகத்தோடு சுமந்தாலும் நியாயமாகாது.

அடுத்த பாட்லக்கில் யாராவது, "எப்படித்தான் சமாளிக்கிறாளோ!" என்று வியந்தால், நாம் மெதுவாகப் பக்கத்தில் தட்டோடு நிற்கும் கணவர் பக்கம் திரும்பி, "நீங்கள் இருவரும் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்போம். அவர் தயங்காமல் பதில் சொன்னால், அந்த வீடு நன்றாக இருக்கிறது என்று அறிந்து மகிழ்வோம்.